அம்மாவின் ரத்தம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது

தேவதானத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் கடல் கடந்த சீமையில்லை. சேத்தூரைத் தாண்டினால் ராஜபாளையம், ராஜபாளையத்தைத் தாண்டினால் அது. பத்திரம் பதிய, கோர்ட்டில் கைகட்டி நிற்க, கல்யாணத்துக்குப் பால்கோவா வாங்க என்று நம் ஊர் ஆட்கள் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற ஊர். இதைப் பயணம் என்று எழுதினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிள்ளைகளே, நீங்கள் சித்தி வீட்டில் இருந்த நாட்களில் நானும் அம்மாவும் எங்கே போனோம், போயும் அம்மா ஏன் இப்படி ஆனாள் என்று மாறி மாறிக் கேட்கிறீர்கள். வாயால் சொல்லத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். வைத்திய சங்கதியில் பிழை இருந்தால் உங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ராஜபாளையம். அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து நரம்பு டாக்டர் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை வருவார். அவர் வருகிற அன்று அந்தத் தெருவே நொண்டி நொண்டி நடக்கும். பெஞ்சில் எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாதி புரியும். "இந்த டாக்டர் வாயே திறக்க மாட்டார், எல்லாத்தையும் பேனாதான் பேசும்" என்றார் ஒருவர். "வாயைத் திறக்கிறவங்க கிட்டப் போய்த்தானே ரெண்டு வருசம் போச்சு" என்றார் மற்றவர். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் அம்மாவின் முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. கவட்டை மாதிரி ஓர் இரும்பை மேசையில் தட்டி, அது நடுங்கிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் கணுக்காலில் வைத்தார்.

"அதிருதாம்மா?"

"எது சார்?"

அவர் இரும்பை எடுத்துவிட்டு அம்மாவின் கைத்தோலைப் பார்த்தார். கறுத்திருந்தது. வெயிலில் களை எடுத்த கறுப்பு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். காலில் விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. அதுவரை நாங்கள் பார்த்த வைத்தியர்கள் எல்லாம் சர்க்கரை என்றார்கள்; சோதித்தால் சர்க்கரை இல்லை. சத்துக் குறைவு என்றார்கள். ஊசி போட்டும், தொட்டால் தெரியாத அந்த மதமதப்பு பாதத்திலிருந்து கெண்டைக்காலுக்கு ஏறியது. இவர்தான் முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நம் ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. காயம் பட்ட இடத்தில் புது ரத்தக்குழாயை வளர்ப்பது அதன் வேலை. வறண்ட வயலுக்குப் புது வாய்க்கால் வெட்டிவிடுகிற ஆள் மாதிரி. பேர் வி.இ.ஜி.எஃப். எலும்புக்குள்ளே சில கெட்ட அணுக்கள் சேர்ந்துகொண்டால் இந்தப் புரதம் அளவுக்கு மீறி ஊறுமாம். வேண்டாத இடத்தில் வாய்க்கால், எல்லா வாய்க்காலிலும் கரை ஒழுகல். கால் வீங்கும், தோல் கறுக்கும், நரம்பு வீணாகும். ரத்தத்தில் அது எம்புட்டு இருக்கிறது என்று பார்த்துவிட்டால் நோய் இன்னதுதான் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம்.

"தெரிஞ்சா மருந்து இருக்கா சார்?" என்றேன்.

"இருக்கு. ஆனா சீக்கிரம் ஆரம்பிக்கணும். நரம்பு போன பிறகு மருந்து குடுத்தா நோய் நிக்கும், கால் வராது. இப்ப உங்க வீட்டம்மா நடந்து வந்தாங்கள்ல, அதைக் காப்பாத்தணும்."

அந்தச் சோதனை வடக்கே பம்பாயில்தான். ரத்தம் எடுத்து, சுற்றிப் பிரித்து, உறையவைத்து, உருகாமல் அனுப்ப வேண்டும். உறையவைக்கும் வசதி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லேபில் இருப்பதாகச் சொல்லி, நர்ஸ் அங்கே போன் போட்டார். "ஆடிப்பூரத் தேர் சார். தேரன்னைக்கு விடியக்காலம் வந்தா எடுத்திருவோம். பொறவு ரெண்டு நாள் ரத்தம் எடுக்க மாட்டோம்" என்றார்கள். தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேரன்றே போவது என்று முடிவானது. அம்மாவுக்கு அதில் சந்தோசம்தான். "ஆண்டாளே கூப்பிடுதா" என்றாள்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், மதியம் ராஜபாளையத்தில் புரோட்டா தின்றோம். நம் ஊர்ப் புரோட்டாவைவிட மெலிசு. சால்னாவில் தேங்காய் அதிகம். அம்மா கை வழியே சால்னா வழிந்ததைத் துடைக்கவில்லை. விரல் நுனியிலும் அப்போதே மதமதப்பு வந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. மொட்டை போட்ட பிள்ளைகள், பூக்கூடைகள், மடியில் கோழியோடு ஓர் ஆள். கோழிக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் சண்டை. "அது எங்க ஒக்காந்திருக்கு? எம்மேலதான ஒக்காந்திருக்கு, எனக்குத்தான டிக்கெட்" என்றார் அந்த ஆள். ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்கள்.

"எல்லாரும் எறங்குங்க, இதுக்கு மேல பஸ் போவாது."

"காலுக்கு முடியாதவ இருக்காய்யா" என்றேன்.

"தேருக்கு வந்தா நடைதான் அண்ணாச்சி. சாமியே அசைஞ்சு அசைஞ்சுதான் வருது, நமக்கு என்ன அவசரம்?"

நடந்தோம். தார் ரோடு கொதித்தது. பலூன்காரன், கரும்புச்சாறு வண்டி, ஒலிபெருக்கியில் தொலைந்துபோன பிள்ளைகளின் பேர். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, சவ்வு மிட்டாய்க்காரன் மிட்டாயிலேயே செய்து கட்டிவிடும் கைக்கடிகாரத்தை எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள்.

தங்கியது உங்கள் மாமா வீட்டில். மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். பட்டாளத்தில் இருந்து திரும்பியவர் அல்லவா, யார் வந்தாலும் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்ப்பார்.

"ஏட்டி பேச்சி, ஒத்தச் செருப்போட வார. இன்னொண்ணை ஆண்டாளுக்குக் காணிக்கை போட்டுட்டியா?"

அம்மா குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே விழுந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தோம். உள்ளே வந்து உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டியபோது சிரிப்பு நின்றது. பாதம் முழுக்கக் கொப்புளம். ஒன்று உடைந்து தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது.

"வலிக்கலையாட்டி?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"இல்லண்ணே."

அவர் எழுந்து தெருப்பக்கம் போய்விட்டார்.

சாயங்காலம் அத்தை ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தாள். தேரோடும் வீதிகளில் தேர் நிலை சேரும்வரை கரண்ட் இருக்காது. மேலே போகும் கம்பியைத் தேர்த்தலை தொட்டுவிடாமல் இருக்க, கழற்ற வேண்டியதைக் கழற்றி, நிறுத்த வேண்டியதை நிறுத்திவிடுவார்கள். அது அந்த ஊருக்கு வருசா வருசம் பழக்கம். அத்தை மாவை முன்கூட்டியே ஆட்டிவைத்தாள். தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள். ஃபிரிஜ்ஜில் இருந்த பாலை எல்லாம் எடுத்துக் காய்ச்சி, பாதியை உறை ஊற்றினாள்.

"நாளைக்கு இது வெறும் பீரோதான் மதினி" என்று ஃபிரிஜ்ஜைத் தட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி மல்லிகைப்பூப் பொட்டலத்தை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோனாள். எதிர்க் கடைக்காரர் ஐஸ்கிரீம் பெட்டியைக் காலிசெய்ய, தெருப்பிள்ளைகளுக்குப் பாதி விலையில் விற்றுக்கொண்டிருந்தார். ஓர் ஊரே தன் பாலுக்கும் பூவுக்கும் ஐஸ்கிரீமுக்கும் வழி தேடி வைத்ததை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

தேரன்று விடிய எழுந்து லேபுக்குப் போனோம். தேர் வீதியிலேயே, ஒரு பால்கோவாக் கடைக்கு மாடியில். அந்த நேரத்திலேயே கீழே விறகடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. மாடிப்படியெல்லாம் இனிப்பு வாசம். அம்மா வெறும் வயிறு. "இந்த வாசத்துலயே பசி போயிருச்சு" என்றாள்.

ரத்தம் எடுத்த பெண் பேர் மகேஸ்வரி. சின்ன வயசு, தலை நிறையப் பூ, பட்டுச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. கை மட்டும் நிதானம். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தத்தைப் பிடித்து உடனே ஐஸில் வைத்தாள். பிறகு சுற்றும் மிஷினில் போட்டாள். அது சுற்றி நின்றபோது சிவப்பு அடியில் தங்கி, மேலே மஞ்சள் நீர் தெளிந்து நின்றது. அதை மட்டும் சின்னக் குப்பியில் உறிஞ்சி எடுத்து, பேர் ஒட்டி, பெட்டி மாதிரி இருந்த ஃபிரீசரில் வைத்தாள்.

"கட்டியாயிரும் சார். பம்பாய் போய்ச் சேருத வரைக்கும் கட்டியாவே இருக்கணும். நாளைக்குக் கூரியர் வண்டிக்காரர் வந்து ஐஸ் பெட்டியில எடுத்துட்டுப் போயிருவாரு."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் கை ராசி, நல்லாகிரணும்மா."

"ஆண்டாள் பாத்துக்கிருவா அக்கா. வாங்க, எல்லாரும் தேருக்குப் போவோம்" என்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். நாங்கள் படி இறங்கும்போது அவள் கதவைப் பூட்டிய சத்தம் கேட்டது.

அந்தத் தேரை நீங்கள் பார்த்ததில்லை. நம் ஊர்த் தேர் அதன் பக்கத்தில் விளையாட்டுச் சாமான். வடம் ஒன்றொன்றும் என் தொடைப் பருமன். பின்னால் புல்டோசர் தள்ள, முன்னால் ஜனம் இழுக்க, சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட, அது நகரும்போது காலடியில் தரை அதிர்ந்தது. அம்மாவை மாமா வீட்டு ஆட்களோடு ஒரு கடை வாசலில் உட்காரவைத்துவிட்டு நான் வடம் பிடித்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியும். கூட்டம் திரும்பியபோது மகேஸ்வரி பெண்கள் பக்கம் வடத்தைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வையாக, "கோவிந்தா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். பிறகு அம்மாவுக்கு ஒரு தம்ளர் நீர்மோரும் கொண்டுவந்து கொடுத்தாளாம். அவள் நல்ல பிள்ளை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்த நாள் ஊர் திரும்பினோம். பஸ்ஸில் இடம் கிடைத்தது. உங்களுக்கு வாங்கிய பால்கோவாவை அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. புரதம் சாதாரண அளவு. டாக்டர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "நான் நினைச்சது இது இல்லை போல" என்றார். உடம்பு தன் நரம்பைத் தானே தாக்கும் வேறொரு நோய் என்று வைத்து அதற்கு மாத்திரை கொடுத்தார். அம்மாவின் முகம் உப்பியதும், தூக்கம் போனதும், உங்களிடம் எரிந்து விழுந்ததும் அந்த மாத்திரையால். ஐப்பசியில் கம்பு ஊன்றினாள். தையில் வாசற்படியில் விழுந்தாள். அன்று பக்கத்தில் இருந்து தூக்கியது நீங்கள்தான், நான் வயலில் இருந்தேன்.

மாசியில் டாக்டர் மறுபடி கைத்தோலைப் பார்த்தார், காலை அழுத்தினார். "எல்லாம் அந்த நோயாட்டம்தான் இருக்கு. நம்பர் மட்டும் ஒத்து வரலை. இன்னொரு தடவை எடுங்க."

இரண்டாம் பயணத்தில் எழுத ஒன்றுமில்லை. வாடகைக் கார். ராஜபாளையத்தில் நிறுத்தவில்லை. மாமாவும் நானும் அம்மாவை நாற்காலியில் வைத்து அந்த மாடிக்குத் தூக்கினோம். "பட்டாளத்துல பீரங்கியே தூக்கியிருக்கேன், இவ என்ன எடை" என்று மாமா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

மகேஸ்வரிக்கு முதலில் அம்மாவை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் ஊசியை எடுத்துக்கொண்டு வந்து ரத்தம் எடுத்தாள். அதே ஐஸ், அதே மிஷின், அதே மஞ்சள் நீர். குப்பியை ஃபிரீசரில் வைத்துவிட்டுத் திரும்புகிறாள், கரண்ட் போய்விட்டது. அவள் பதறி ஓடி, ஐஸ் பெட்டியை இழுத்து, குப்பியை எடுத்து அதற்குள் புதைத்தாள்.

"செத்த நேரம் நின்னாலும் உருகிரும் சார். உருகிப் பொறவு உறைஞ்சா நம்பரை நம்ப முடியாது."

"இன்வெர்ட்டர் இல்லையா?" என்றார் மாமா.

"அது லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் அண்ணே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஏம்மா, தேரன்னைக்கு?"

அவள் பெட்டி மூடியைப் பிடித்தபடியே நின்றாள். கீழே பால்கோவாக் கடையில் கரண்டி சட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"நான் பூட்டிட்டுத் தேருக்கு வந்துட்டேன் சார். நீங்களும் பாத்தீங்கள்ல. மறுநாள் வந்து தொறந்தா கட்டியாத்தான் இருந்துச்சு. எடுத்துக் குடுத்துட்டேன்."

கட்டியாகத்தான் இருந்திருக்கும். தேர் நிலை சேர்ந்த பிறகு கரண்ட் வந்திருக்கிறது, உருகியது திரும்ப உறைந்திருக்கிறது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நடுவில் கிடந்த அந்தப் பகல் முழுக்க அம்மாவின் ரத்தம் பூட்டிய அறையில் தண்ணீராக இருந்தது. நான் வடம் இழுத்துக்கொண்டிருந்தேன்.

மாமா சத்தம் போட்டார். லேப் முதலாளி வந்தார். மரியாதையான மனிதர். எங்களுக்கு டீ சொன்னார். "ஊருக்கே தெரியும் சார், தேரன்னைக்குக் கரண்ட் போகும்னு. நீங்களும் இங்கதான இருந்தீங்க? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பாலைக் காய்ச்சியவர்கள் யாரும் யாரையும் கேட்கவில்லை, தானாகவே காய்ச்சினார்கள். மாமா டீயைத் தொடவில்லை. மகேஸ்வரி மட்டும் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "அக்கா, அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மா அவள் தலையில் கைவைத்தாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்த முறை அந்தப் பெட்டியை விட்டு அவள் நகரவில்லை. வண்டிக்காரர் கையில் கொடுத்த பிறகுதான் சாப்பிட்டாள் என்று மாமா பின்னால் சொன்னார்.

முடிவு வந்தது. புரதம் இருக்க வேண்டியதைப்போலப் பல மடங்கு. ராஜபாளையத்தில் அதே அறையில், டாக்டர் தாளை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கெட்ட முடிவு வந்ததற்காக நான் சாமி கும்பிட்டது அன்றுதான். நோய்க்குப் பேர் கிடைத்துவிட்டதே.

"மருந்தை மதுரையில ஆரம்பிச்சிரலாம். நோய் கட்டுக்குள்ள வரும்" என்றார். பிறகு, "ஆடியிலேயே இந்த நம்பர் தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது" என்றார்.

"ஆடியிலதான் சார் குடுத்தோம்" என்றாள் அம்மா.

அவர் தலையாட்டினார். நடந்ததை எல்லாம் நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"நடப்பேனா சார்?"

"இப்போ சொல்ல முடியாதும்மா. போன நரம்புல எவ்வளவு திரும்புதுன்னு பாக்கணும். முழுசா எதிர்பாக்காதீங்க."

வெளியே வேப்பமரத்தடியில் காருக்குக் காத்திருந்தோம். அம்மா நாற்காலியில், நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு. அம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"பிள்ளைக கேட்டா என்ன சொல்லுவிய?"

"உள்ளதச் சொல்லுவேன்."

"நடப்பேன்னு சொல்லிருங்க."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே பேச்சி."

"அவரு சொல்லல. நான் சொல்லுதேன்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை அம்மாவும் நானும் மதுரைக்குப் போகிறோம். எத்தனை நாள் என்று தெரியாது. உங்களிடம் ஒளிக்கக் கூடாது என்று இரண்டையும் எழுதிவிட்டேன். அம்மா நடப்பேன் என்கிறாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.